மூன்று விரல் உயரம்

என் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்ததற்குப் பிறகுதான் எங்கள் ஜீப்பின் உயரத்தைச் சாண் போட்டு அளக்கிற ஆளாக நான் மாறிப்போனேன். அதற்கு முன்னால் அது உயரமா குட்டையா என்று யோசித்ததே இல்லை. சிறுமலையில் இருந்து வாழைத்தார் இறக்குவதற்கென்று வாங்கிய பழைய வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து கிடக்கும். வேறு வண்டி போகாது, இது போகும். அந்த உயரம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

விழுந்ததில் அவளுக்கு முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. அல்லாஹ் கைகளை விட்டு வைத்தான். அந்தக் கைகளை வைத்தே சமைத்தாள், துணி மடித்தாள், ஓதினாள். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் ஒரு தேக்குப் பலகையைப் பாலம் மாதிரி போட்டு, கைகளை ஊன்றி ஊன்றித் தானே நகர்ந்து வந்துவிடுவாள். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் அவளுக்கு யாரும் வேண்டாம். ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் முடியாது. மேட்டுக்கு உடம்பை இழுக்க இடுப்பு ஒத்துழைக்க வேண்டுமே.

ஜீப்பின் முன்சீட்டோ அவள் நாற்காலியைவிட ஒரு சாணுக்கும் மேலே இருந்தது. வாடகைக் காரிலும் ஏற்றிப் பார்த்தோம். கதவு போதுமான அளவு திறக்கவில்லை, நீட்டிய கால் உள்ளே திரும்பவில்லை. எங்கள் ஜீப்புக்குக் கதவே கிடையாது என்பதால் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஆனால் தூக்கித்தான் வைக்க வேண்டும். எனக்கு ஏற்கனவே குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததால் ஒற்றை ஆளாகத் தூக்கவும் முடியாது.

அப்படித்தான் ஒரு முறை சொந்தக்காரர் வீட்டு நிக்காஹுக்குப் போனோம். மண்டபத்து வாசலில் நானும் இன்னொரு உறவுக்காரரும் சேர்ந்து அவளை இறக்கினோம். அங்கியின் விளிம்பு வண்டிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. முழங்கால் வரை ஏறிவிட்டது. வாசல் நிறைய ஆண்கள். என் தங்கை ஓடிவந்து துப்பட்டாவைப் போட்டு மூடினாள். அதோடு என் மனைவி வெளியே போவது நின்றுபோனது. தெருப் பெண்கள் பார்க்க வந்தால்கூடத் தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்வாள். கொஞ்ச நாளில் அவர்களும் வருவதை விட்டார்கள்.

இந்த நிலையில் எங்கள் மகனுக்கு ஆயக்குடியில் ஒரு இடம் வந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நல்ல குடும்பம், கொய்யாத் தோப்பு உள்ளவர்கள், பெண் பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கிறது என்றார்கள். நல்லது எதுவோ அதைக் காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுது துஆ கேட்டேன். மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது. எங்களில் முதலில் பெண்கள் போய்ப் பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் தாய் போகாமல் அது நடக்காது.

“நான் பாக்காம எம்மகனுக்குப் பொண்ணா?” என்றாள் என் மனைவி.

“அதுக்குத்தான் கேக்குறேன். நானும் தங்கச்சியும் புடிச்சு...”

“தூக்கிட்டுப் போயி எறக்குறதா இருந்தா நான் வரலைங்க. அந்தப் புள்ள ஜன்னல் வழியாப் பாக்கும். இந்தப் பொம்பளையத் தூக்குறதுக்குத்தான் நம்மளக் கேக்குறாகன்னு அது நெனைக்காதா? என் கையால ஏறி என் கையால எறங்கணும். முடிஞ்சாச் சொல்லுங்க. இல்லாட்டி நீங்க அண்ணன் தங்கச்சி போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

ஒண்ணும் சொல்லலை என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம்.

அன்றில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போவேன், ஜீப்பைச் சுற்றி வருவேன், சீட்டில் கை வைத்து அளப்பேன், உள்ளே போய் நாற்காலியை அளப்பேன். தொழுகையில் நின்றால்கூட நினைவு சீட்டுக்குப் போய்விடும். மன்னிக்கும்படி அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு திரும்பவும் ஆரம்பிப்பேன். வெல்டிங் கடையில் சீட்டின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறைத்தேன். நாற்காலியில் தடித்த மெத்தை போட்டேன். அப்படியும் ஒரு உள்ளங்கை அகலம் மிச்சம் இருந்தது. இனி வண்டியே இறங்கினால்தான் உண்டு.

பைபாஸ் பக்கம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். பட்டை என்றால் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள். வண்டி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வளைவு அதிகமானால் வண்டி உயரும், நிமிர்ந்தால் வண்டி தாழும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“ஊர்ல அம்புட்டுப் பேரும் ஜீப்பத் தூக்கணும்னு வருவாய்ங்க பாய். நீங்க ஒரு ஆளுதான் எறக்கணும்னு வந்திருக்கீக. எறக்கிட்டு மலைக்கு எப்படிப் போவீக? அடி தட்டுமே?”

“மலை அடிவாரம் வரைக்கும் வேற ஜீப்புல தார எறக்கித் தரச் சொல்லியிருக்கேன். அங்க இருந்து நான் எடுத்துக்கிருவேன். நீங்க எறக்குங்க.”

“வீட்டம்மாவுக்குன்னு சொல்றீக, நல்லது. அப்ப லோடு ஏத்திட்டு வாங்க. காலி வண்டியப் பாத்து நாங்க பட்டை போடுறதில்லை. லோடு இருந்தாத்தான் பட்டை எங்க உக்காருதுன்னு தெரியும்.”

அது அவர் கடை வழக்கம். லாரியும் லோடு வண்டியுமே பார்த்துப் பழகியவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் ஜீப் எப்போதும் தாரோடுதானே ஓடுகிறது? மறுநாள் முழு லோடு ஏற்றிக்கொண்டு, அதன் மேலேயே மனைவியின் நாற்காலியையும் கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவள் முழுக்கக் கட்டிலிலேயே இருந்தாள்.

அவர் வண்டிக்கு முட்டுக் கொடுத்து, பட்டைகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி வளைவைத் தட்டித் தட்டிக் குறைத்தார். நான் கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“பாய், செத்த நேரம் ஒரு எடத்துல உக்காருங்களேன். நீங்க நடக்குற நடையில எனக்குச் சுத்தியல் தப்புது” என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

மாட்டி இறக்கியதும் நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்திப் பலகையைப் போட்டேன். தண்ணீர் விட்டுப் பார்த்த மாதிரி மட்டம். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். நேராக மார்க்கெட்டுக்குப் போய்த் தாரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பலகையைப் போட்டால், பலகை சறுக்குமரம் மாதிரி சாய்ந்து நின்றது. மூன்று விரல் உயரம். அவள் கையை ஊன்றி ஒரு தரம் தம் கட்டினாள். நகரவில்லை. இன்னொரு தரம். பிறகு பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நேத்து சரியா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்” என்றேன்.

“நேத்து தாரு இருந்துச்சா?” என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாரம் போனதும் பட்டை எழுந்துவிட்டது. ஸ்பிரிங் என்றால் அதுதானே அதன் வேலை!

பட்டைக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “காலி வண்டியில ஏத்தணும்னு நீங்க சொல்லவே இல்லையே பாய்?”

“லோடோட வாங்கன்னு சொன்னது யாரு?”

“சொன்னேந்தான். இன்னும் எறக்கலாம். எறக்குனா லோடு ஏத்துற அன்னைக்கு டயர் மட்காடுல உரசும். பெறகு நீங்க தாரு யாவாரத்த விட்டுட்டுப் பூ யாவாரந்தான் பாக்கணும்.”

ஆயக்குடிக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. தேதியை மாற்றினால் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து, மணல் மூட்டை போட்டுக்கொண்டு போவோம் என்றேன். என் தங்கை அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்தாள். தெரு முனையில் குடியிருக்கிறவள். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

“பொண்ணு பாக்கப் போற வண்டியில மணல் மூட்டையா? வெள்ளத்துக்கு அணை போடப் போறமாண்ணே?”

மனைவிதான் முடிவாகச் சொன்னாள். “தாரையே ஏத்துங்க. வாரப்ப அப்படியே மார்க்கெட்டுல எறக்கிக்கலாம். பாக்குறவுகளுக்கு யாவார வண்டி, நமக்கு மட்டம்.”

ஞாயிறு மதியம் தார்களை அடுக்கினேன். ஒவ்வொன்றாக ஏற ஏற வண்டி தாழ்ந்தது. சமமாக வந்ததும் நிறுத்தினேன். அவள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பலகையில் கை ஊன்றி, ஒரு மூச்சில் சீட்டுக்குப் போய்விட்டாள். கால்களை ஒவ்வொன்றாகத் தானே தூக்கி உள்ளே வைத்தாள். தங்கை பின்னால் தார்களுக்கு நடுவில், மடக்கிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒட்டன்சத்திரம் வழியாகப் போனோம். வண்டி இப்போது தாழ்ந்திருக்கிறதே, ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டுமோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. நபிமேல் ஸலவாத் ஓதிக்கொண்டே ஓட்டினேன். என் மனைவி ரொம்ப நாளைக்கு அப்புறம் ரோட்டைப் பார்க்கிறாள். புதிதாக வந்த பெட்ரோல் பங்க், வெட்டிப்போட்ட புளியமரம், முருங்கைக்காய் லாரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க. பொண்ணு பாக்கப் போறது நான்” என்றாள்.

ஆயக்குடியில் அந்த வீட்டு முன்னால் நிறுத்தியதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தங்கை நாற்காலியை விரித்து வைத்தாள். பலகை மட்டமாக உட்கார்ந்தது. என் மனைவி இறங்கி, அங்கியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் ஸலாம் சொன்னாள். யாரும் அவளைத் தொடவில்லை. ஜன்னல் திரை கொஞ்சம் ஆடியதை நான் பார்த்தேன். இனிமேல் என்ன வந்தாலும் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

பெண்கள் உள்ளே போனார்கள். எனக்கு முன்னறையில் நாற்காலி போட்டார்கள். பெண்ணைப் பெற்ற அத்தா எதிரே உட்கார்ந்தார். மரியாதைக்காரர். கொங்குப் பேச்சு.

“வண்டி ஓட்டி அலுத்திருப்பீங்க. டீ ஆறுதுங்க, எடுத்துக்குங்க.”

குடித்தேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காது அங்கேயே இருந்தது. ஒரு தரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் அடங்கிப்போனது. அடங்கினால் நல்லதா கெட்டதா? அவர் கொய்யாவுக்கு விழுந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய்க்கு வந்த இடத்தில் ஆமாங்க போட்டேன். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டதும் ஜமாஅத்துக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் எழுந்தோம். பள்ளிவாசலில்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை எங்களுக்கு ஆக்கி வை, என் பெண்டாட்டி தலை குனியாமல் வீடு திரும்பட்டும் என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. எத்தனை நாள் அளந்த வண்டி! என் ஜீப் எழுந்து நின்றது.

ஓட்டமும் நடையுமாக வந்தேன். பின்பக்கம் துடைத்து எடுத்த மாதிரி காலி. தார்கள் எல்லாம் அந்த வீட்டு நடைக்கூடத்தில் சுவரோரம் சாத்தியிருந்தன. இரண்டை அதற்குள் சீப்புச் சீப்பாக அறுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தும் விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு வண்டியில் பழம் வந்தால் அது வேறு எதற்கு வரும்? வந்தவர்கள் கையால் இறக்க விடுவது மரியாதை இல்லை என்று, நாங்கள் தொழப்போன நேரத்தில் அந்த வீட்டு ஆட்களே இறக்கி வைத்துவிட்டார்கள்.

“எதுக்குங்க இத்தன? தெருவுக்கே போதுமுங்களே! முதல் தடவ வாரப்பவே இப்படியா செய்வாங்க?” என்று பெண்ணின் அத்தா கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையான சந்தோஷம். நான் என்ன சொல்வேன்? இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க என்றேன். கொண்டுவந்த பழத்தைத் திரும்ப ஏற்றுகிறவர்கள் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று போகிறவர்கள்தான்.

தங்கை வெளியே வந்தாள். “என்னண்ணே, மொகம் ஏன் இப்படி இருக்கு?” என்றவள் ஜீப்பைப் பார்த்தாள். “அல்லாவே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே என் மனைவியின் நாற்காலி வந்தது. வழியனுப்ப வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூட வந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றது. பார்க்க வந்த அன்றைக்குப் பெண் வாசல் தாண்டக் கூடாது. என் மனைவி வண்டியைப் பார்த்தாள், நடைக்கூடத்தில் சாத்தியிருந்த தார்களைப் பார்த்தாள். மடியில் இருந்த பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மண்டபத்து வாசல்தான் கண்ணில் வந்தது.

குனிந்து, “நானும் தங்கச்சியும் தூக்கிர்றோம். ஒரு நிமிசந்தான்” என்றேன்.

“வேணாம்” என்றாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எல்லாரும் ஏன் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா, “ஏனுங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்கள்.

என் மனைவி நாற்காலியைத் திருப்பினாள். “மறக்கலைங்க. ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. பாரம் இருந்தாத்தான் இந்த வண்டி தாழும். தாழ்ந்தாத்தான் என்னால ஏற முடியும். பாரத்த நீங்க எறக்கி வச்சுட்டீங்க. என்னையத் தூக்கி வைக்கலாம். எனக்கு அது புடிக்காது.”

நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஐயோ, திரும்ப ஏத்திடலாமுங்க” என்று அந்த அம்மா பதறினார்கள். “வந்த பழத்தைத் திருப்பி ஏத்துறதா? நல்லாவா இருக்கும்?” என்றது பின்னால் இருந்து ஒரு குரல். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். தாரை ஏற்றவும் வழியில்லாமல், அவளைத் தூக்கவும் வழியில்லாமல் இந்தச் சம்பந்தமே மூன்று விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அப்போது அந்தப் பிள்ளை வாசல்படியை இறங்கி வெளியே வந்தது. தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஜீப்பின் பின்பக்கம் போனது.

“பாரந்தானே மாமி வேணும்? தாருதான் வேணும்னு இல்லையே?” என்று கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெண்ணின் அத்தா தரையைப் பார்த்தார். அந்தப் பிள்ளை உள்ளே இருந்தபடியே கூப்பிட்டது. “சின்னம்மா, வாங்க. நீங்க ஏறுனா மூணு பேரு ஏறுன கணக்கு.”

“பாரேன் வாய!” என்று சொல்லிக்கொண்டே அந்தச் சின்னம்மா ஏறினார்கள். வண்டி முனகியது. அடுத்து ஒரு பெரியம்மா, அடுத்து பக்கத்து வீட்டில் இருந்து பழம் வாங்க வந்த ஒரு பெண், அவர் கூட வந்தவர். என் தங்கை கடைசியாக ஏறி, “இடம் விடுங்கம்மா, நானும் ஒரு தாருதான்” என்றாள். உள்ளே இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தது. நான் சீட்டில் கை வைத்துப் பார்த்தேன். மட்டம்.

என் மனைவி பலகையைப் போட்டாள். பிஸ்மில்லாஹ் என்றாள். ஊன்றினாள், நகர்ந்தாள், போய்ச் சேர்ந்தாள். கால்களைத் தானே எடுத்து வைத்தாள். யார் கையும் படவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க, வண்டி அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தது. கடைசியாக இறங்கிய அந்தப் பிள்ளை முன்பக்கம் வந்து அவள் காதோரம் ஏதோ சொன்னது. என் மனைவி அதன் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டினோம். மார்க்கெட்டில் காத்திருக்கும் வியாபாரிக்கு என்ன சொல்வது, வீட்டு வாசலில் இவளை எப்படி இறக்குவது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கும்போதும் சரிவுதான். வழுக்கினால் பிடிக்க அவளுக்கு இடுப்பு இல்லை.

“அந்தப் புள்ள எம்புட்டு எடை இருக்கும்?” என்று திடீரென்று கேட்டாள்.

“எனக்கு என்ன தெரியும்?”

“ஒரு மூணு தாரு இருக்கும். இனிமே மூணு தாரு கொறச்சே ஏத்துங்க.”

பின்னால் என் தங்கை, “அப்ப முடிவே பண்ணிட்டீகளா அண்ணி? அவுக வீட்டுல இன்னும் ஒரு வார்த்தை சொல்லலையே!” என்றாள்.

“அது சொல்லிருச்சு” என்றாள் என் மனைவி. காதில் என்ன சொன்னது என்று கேட்டேன். அது உங்களுக்கு இல்லை என்றுவிட்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எங்கள் தெருவில் திரும்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் கதவு பாதி திறந்திருந்தது. பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டும் போன் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களோடு அவள் பேசி எத்தனை மாதமோ ஆகிவிட்டது. வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல், கைகளை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். இங்கே தார் இல்லை. யாரைக் கூப்பிடுவது? எப்படிக் கேட்பது?

அவள் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏன் இப்படித் தவிக்கிறீங்க? ஹாரன அடிங்க” என்றாள். “எல்லாரும் வீட்டுலதான் இருப்பாக. வந்து ஏறட்டும்.”

அடித்தேன்.